பஸ் ஓட்டுகிற அம்மா எழுதுவது

எட்வினுக்கு,

நான் உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது. அதில் என்ன எழுதியிருப்பேன் என்று இப்போதும் ஒப்பிப்பேன். ஒழுங்காகப் படி, கண்ட இடத்தில் சாப்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ. இது அந்த மாதிரிக் கடிதம் இல்லை. நான் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசலாம்" என்பாய். நேரில் சொன்னால் நான் பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்பாய். அறுபத்து மூன்று வயதுப் பெண் கோபப்பட்டால் அதற்கு மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதனால்தான் காகிதம். குறுக்கே பேச முடியாது, பாதியில் எழுந்து போகவும் முடியாது. உட்கார்ந்து படி.

தஞ்சாவூர் மண்டபத்தில், உன் மாமா மகள் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். உனக்கு அது மறந்தும் போயிருக்கலாம். மோதிரம் மாற்றியாயிற்று, சாப்பாடும் முடிந்தது. போட்டோக்காரர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோட்டத்தில் நிற்க வைத்து ஒன்றரை மணி நேரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். சாப்பாட்டு ஹாலின் மூலையில் உன் மாமாவும் இன்னும் மூன்று பேரும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போனை நடுவில் நிறுத்திவைத்து ஐந்தாறு பேர் கிரிக்கெட் பார்த்தார்கள். பெண்கள் சீரியல் கதை பேசினார்கள். நான் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து டேபை எடுத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, என் பஸ்ஸை எடுத்தேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மாலை நான்கு மணி, ஆன்லைன் விளையாட்டில் வெவ்வேறு ஊரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக பஸ் ஓட்டுகிற நேரம். ஐந்து பஸ் வரிசையாக மலை ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் நான்.

நீ வந்து என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாய். டேபைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினாய். "எங்கம்மா ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் டிரைவர் வேலையில சேந்துட்டாங்க. டிக்கெட் வேணுங்கிறவங்க வரிசையா வாங்க" என்றாய். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு எரிகிறது.

உன் மாமா எழுந்து வந்தான். "ஏக்கா, சின்னப் புள்ள மாதிரி இது என்ன? பைபிள் படிக்கிற வயசுல. நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றான். அவன் கையில் சீட்டு இருந்தது, எட்வின். விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருந்த பதின்மூன்று சீட்டு. அதைக் கீழே கூட வைக்காமல் வந்து எனக்குப் புத்தி சொன்னான். அங்கே இருந்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. உனக்கும் படவில்லை. "ஆமா மாமா, கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டிருக்கு" என்று நீயும் சேர்ந்துகொண்டு, திரையில் எங்கெங்கோ அழுத்தினாய். விளையாட்டை மட்டும் அழிக்கவில்லை. மூன்று வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கணக்கையே அழித்தாய். நான் ஓட்டிப் பழகிய பாதைகள், நானே நிறம் தேர்ந்தெடுத்த பஸ், நாங்கள் ஐந்து பேரும் பேசுகிற அந்த இடம், எல்லாம் போயிற்று. டேபை என் மடியில் வைத்து, "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றாய்.

அடுத்த நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினாய்: அம்மா மொபைல் கேமுக்கு அடிமையாகிவிட்டார்கள், எல்லோரும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். உன் அப்பா செத்தபோது கூட அத்தனை கை வரவில்லை. புதன்கிழமை போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். நீதான் சொல்லி அனுப்பியிருந்தாய். பாவம், சின்னப் பையன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நானே கேட்டேன்.

"ஐயா, நான் செய்யிறது பாவமா?"

"பாவம்னு சொல்லலம்மா. நேரம் வீணாகுதேன்னு தம்பி கவலைப்படுறார்."

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப அஞ்சு நாள் கிரிக்கெட்டை அஞ்சு நாளும் உக்காந்து பாப்பார். அப்ப இருந்த போதகரும் கூட உக்காந்து பாப்பார். அது யாரு நேரம்ங்கய்யா?"

அவர் சிரித்துவிட்டார். சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "ரிவர்ஸ் எடுக்கிறது கஷ்டமாம்மா? நான் இப்பத்தான் கார் பழகுறேன்" என்று கேட்டார். கண்ணாடியை நம்புங்க, அவசரப்படாதீங்க என்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பதினைந்து நாளில் என்னிடம் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான். நீ கேட்கவில்லை. அது என்ன விளையாட்டு, அதில் என்ன செய்வீர்கள், ஏன் பிடிக்கிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்காமலே சொல்கிறேன். முட்டி ஆபரேஷன் முடிந்து திருச்சியில் உன் வீட்டில் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தேனே, அப்போது டேபை வாங்கித் தந்தவனே நீதான். பிரசங்கம் கேளுங்க என்று கொடுத்தாய். கேட்டேன். எத்தனை பிரசங்கம் கேட்பது? நடுவில் ஒரு விளம்பரத்தைத் தொட்டதில் வயல் விளையாட்டு ஒன்று வந்தது. விரலால் தொட்டால் நாற்று நடுகிறது. இன்னொரு தடவை தொட்டால் அறுவடை. சேறு கிடையாது, அட்டைக்கடி கிடையாது, இடுப்பு வலி கிடையாது. என் அம்மா ஆயுள் முழுக்கக் குனிந்து செய்த வேலையை யாரோ பொம்மையாக்கி வைத்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் பஸ்.

நான் முப்பத்திரண்டு வருடம் கிராம நர்ஸ். தோளில் தடுப்பூசிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தவள். பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அதற்கு பஸ் வேண்டும். கீழத்தெரு ஸ்டாப்பில் நம் ஆட்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். நிறுத்தினாலும் ஐம்பது அடி தள்ளி நிறுத்துவார்கள். யூனிபார்மில், பெட்டியோடு, பிள்ளைத்தாய்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எத்தனை தடவை அந்த ஐம்பது அடியை ஓடியிருக்கிறேன் தெரியுமா? இந்த விளையாட்டில் நான் ஒரு ஸ்டாப்பையும் விட்டதில்லை. ஒரே ஒரு பொம்மை மனுஷி நின்றாலும் அவள் முன்னால் கதவு வருகிற மாதிரி நிறுத்துவேன். ஆற்றுப் பாலத்து மேட்டைத் தவிர வேறு மேடு பார்க்காத டெல்டாக்காரி நான் மலையில் வளைவு வளைவாக ஏறினேன். முதல் தடவை மேலே போய்ச் சேர்ந்தபோது உன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கை தட்டினேன். நிர்மலா சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்னாச்சு அத்தை?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, சும்மா சந்தோஷம் என்றேன்.

அந்த "சும்மா"தான் உங்கள் யாருக்கும் பொறுக்கவில்லை. நான் ஸ்வெட்டர் பின்னினால் பொறுத்துக்கொள்வீர்கள், யாராவது போட்டுக்கொள்ளலாம். தோட்டம் போட்டால் காய் கிடைக்கும். ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து செய்கிற எதிலிருந்தும் யாருக்காவது ஏதாவது கிடைக்க வேண்டும். எட்டு வயதில் நான் நாற்றங்காலிலிருந்து நாற்றுமுடி சுமந்தவள். மற்ற நேரத்தில் உன் மாமா என் இடுப்பில் இருந்தான். தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்று பார்ப்பேன். இடுப்பில் பிள்ளையோடு நொண்டி அடிக்க முடியாது. அன்றைக்கு என்னை விளையாட விடாமல் இடுப்பில் உட்கார்ந்திருந்தவன், இன்றைக்குக் கையில் சீட்டோடு வந்து "சின்னப் புள்ள மாதிரி" என்கிறான். சின்னப் பிள்ளையாக நான் என்றைக்கு இருந்தேன் என்று அவனிடம் கேட்க வேண்டும். மிஷன் பள்ளி விடுதியில் மற்றப் பிள்ளைகள் சாயங்காலம் வளையம் எறிந்து விளையாடுவார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிற முறை. பிறகு வேலை, கல்யாணம், நீ, உன் அப்பாவின் பக்கவாதம். நான் வாழ்க்கையில் முதன்முதலாக விளையாடியது அறுபது வயதில். அதை நீ மண்டபத்தில் வைத்து ஒரு நிமிடத்தில் அழித்தாய்.

அடிமை என்று எழுதினாயே, அந்த வார்த்தையை எனக்குச் சொல்லித் தராதே. குடித்துவிட்டு வந்தவன் உடைத்த கைக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். வட்டிக்கு வாங்கி ஆன்லைன் சூதில் விட்ட பையனின் அம்மாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். விளையாட்டென்று ஆரம்பித்துச் சாப்பாடு தூக்கம் மறந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் காலையில் எழுந்து சமைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் சர்க்கரையைப் பார்த்து, ஆலயப் பெண்கள் கூட்டத்துக்குப் போய், மாலையில் ஒரு மணி நேரம் பஸ் ஓட்டுகிற என்னையும் அவர்களையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உண்மையாகவே நோயாளியாக இருக்கிறவனுக்கு நீ என்ன பெயர் வைப்பாய்?

இதுவரை உன்னைத் திட்டினேன். இனி என்னைத் திட்ட வேண்டும். அதை எழுதத்தான் இரண்டு நாளாகக் கை வரவில்லை.

உனக்குப் பதின்மூன்று வயது. திருவையாற்றில் கேசட் கடையின் பின்னறையில் நாலு டிவி வைத்து, பையன்களை வீடியோ கேம் ஆட விடுவார்கள். நீ டியூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போவதாக யாரோ சொன்னார்கள். அன்று தடுப்பூசி முகாம் முடித்து, தோளில் பெட்டியோடு நேரே அங்கே வந்தேன். நீ பலகையில் உட்கார்ந்திருந்தாய். முதுகு நிமிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண் மின்ன. அவ்வளவு முழுசாக நீ ஒன்றில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தேன், ஆனால் நிற்கவில்லை. காதைப் பிடித்து எழுப்பினேன். கடைத்தெரு முழுக்க அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தேன். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "படிக்காம கேம் ஆடுறான், பாத்துக்குங்க" என்றேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் உன்னை எழுந்து நிற்க வைத்து, இனிமேல் விளையாட மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். நீ சொன்னாய்.

வீட்டுக்கு வந்ததும் நீ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "கடைசிக் கட்டம்மா. ஒரு மாசமா முயற்சி பண்ணி இன்னிக்குத்தான் அங்க போய்ச் சேந்தேன்." அதற்கு நான் அறைந்தேன்.

அன்றைக்கு எனக்குள் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால், உன் படிப்பு இல்லை. வகுப்பில் நீ முதல் மூன்றுக்குள் இருந்தாய். எனக்குள் இருந்தது மேலத்தெரு. அந்தத் தெருப் பிள்ளைகள் ஆற்று மணலில் நாள் முழுக்க மட்டையடித்தார்கள். அவர்கள் அப்பாக்கள் மன்றத்தில் கேரம் போர்டு ஆடினார்கள். அவர்கள் ஆடினால் அது பொழுதுபோக்கு. நம் தெருப் பையன் ஒருவன் அரைமணி நேரம் சும்மா இருந்தால், "படிக்க வச்சா இப்படித்தான், நடவுக்கு அனுப்பியிருக்கலாம்" என்பார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். நம் ஆட்கள் ஓய்ந்து உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான் உனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களைக் கேள்வி கேட்கத் துணிவில்லாமல் உன் காதைப் பிடித்தேன். தப்பு, எட்வின். உன்னை எல்லார் முன்னாலும் நிறுத்தியது பெரிய தப்பு. இருபத்தைந்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு. ஆனால் என் தப்பை ஒப்புக்கொள்வதால் உன் தப்பு கழிந்துவிடாது. நான் அப்போது பயந்துபோனவள். நீ வங்கி மேலாளர். உனக்கு எந்த மேலத்தெருவிடம் பயம்?

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ காரை எடுத்துக்கொண்டு வந்தாய். தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். "சும்மா பேசிட்டு வரலாம்மா. அப்படியே கொஞ்ச நாள் திருச்சியில எங்க கூட இருங்க. தனியா இருக்கிறதாலதான் இதெல்லாம்." என் துணிகளை நீயே பையில் எடுத்து வைத்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டேன் என்று சொல்லக் கூட அலுப்பாக இருந்தது. அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது.

கருப்பு புர்காவில் ஒரு அம்மா, கையில் ஒரு டப்பா. வாசற்படியில் நின்று, "இங்க நர்ஸக்கா வீடு..." என்றார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாகத் தினமும் காதுக்குள் கேட்கிற குரல். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

"ஹபீபாவா?" என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உயிரோட இருக்கீங்களாக்கா? ஒம்பது நாளா காணோம். மலையில முன்னால போயிட்டிருந்தீங்க, திடீர்னு பஸ்ஸே இல்ல. சத்தமும் இல்ல. மாரடைப்புன்னே நினைச்சிட்டோம். நாமக்கல் அண்ணன் தினமும் கேக்குறார். உங்க போன் நம்பர் கூட எங்ககிட்ட இல்லையே."

இல்லைதான். முன்பின் தெரியாதவர்களுக்கு நம்பர் தரக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், நான் கேட்டேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திருவையாற்றுப் பக்கம், ரிட்டயர்டு நர்ஸ், முட்டி ஆபரேஷன். கூத்தாநல்லூரில் காலைத் தொழுகையை முடித்துக் கிளம்பி, மன்னார்குடி, தஞ்சாவூர் என்று மூன்று பஸ் மாறி வந்து, திருவையாறு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்களிடம் அந்த மூன்று அடையாளத்தையும் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது ஆட்டோக்காரரின் பிள்ளைக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன்.

அந்த ஒன்பது நாளில் குழுவில் கைகூப்பிய முப்பது பேரில் ஒருவர் கூட என்னை வந்து பார்க்கவில்லை.

நீ அவளைப் பார்த்தபடி நின்றாய். "நீங்களும் இந்த கேம் விளையாடுவீங்களா?" என்று கேட்டாய்.

"ஆமா தம்பி. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல, பசங்களும் வெளிநாட்டுல. மலையிலேர்ந்து இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது, கியரைக் குறைக்கணும்னு அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நான் மூணு தடவை பள்ளத்துல விட்டேன்." அவள் சிரித்தாள். பிறகு கட்டிலில் இருந்த பையைப் பார்த்தாள். "அக்கா எங்கயோ கிளம்புறாங்க போல?"

நான் சொன்னேன். "என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறான். பஸ் ஓட்டுறேன்ல, அதுக்கு."

அவள் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவை என் கையில் கொடுத்தாள். வீட்டில் செய்த தம்ரூட், ரவையும் நெய்யும் போட்ட அல்வா. "அப்ப நானும் வர்றேங்க்கா. எனக்கும் ஒரு சீட்டு வாங்கிடுங்க தம்பி" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, சண்டைக்கும் சொல்லவில்லை. என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான். நீ கொல்லைப் பக்கம் போய் யாருக்கோ போன் செய்து, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. மத்தியானம் அவளை உன் காரிலேயே தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டாய். அது நல்ல காரியம். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ராத்திரி நீ அனுப்பிய செய்தி? "ஸாரிம்மா. நல்ல ஃப்ரெண்ட்ஷிப்தான். தாராளமா விளையாடுங்க, ஆனா அளவோட." மறுபடியும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஹபீபா வந்ததால் எனக்கு அனுமதி. அவள் வராமல் இருந்திருந்தால்? யாருமே இல்லாமல் நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தால் நீ என்னை டாக்டரிடம் ஒப்படைத்திருப்பாய். இதில் சினேகம் கிடைக்கிறது, மூளைக்கு நல்லது, கைவிரலுக்குப் பயிற்சி என்று சாக்குச் சொல்லி நான் விளையாட மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. உன் அப்பாவின் கிரிக்கெட்டுக்கு யாரும் அளவுகோல் எடுத்து வரவில்லை. என்னிடமும் எடுத்து வராதே.

திங்கட்கிழமை நானே எல்லாவற்றையும் மறுபடி இறக்கிப் புதுக் கணக்கு ஆரம்பித்து, ஹபீபாவுக்குச் சொன்னேன். புது ஆளுக்கு மலைப்பாதை திறக்காது, பழைய பஸ்தான் கிடைக்கும், முதலில் சமவெளியில் ஓட்ட வேண்டும். நான் மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் பார்த்தால் நான்கு பஸ் வருகிறது. ஹபீபா, கால் முறிந்து வீட்டிலிருக்கிற நாமக்கல் லாரி டிரைவர், மதுரையில் படிக்கிற இரண்டு பெண்கள். நான்கு பேரும் மலையிலிருந்து இறங்கி என்னோடு சமவெளியில் ஓட்டுகிறார்கள். நான் திரும்ப மேலே வர எத்தனை வாரம் ஆனாலும் சரி என்றார்கள்.

கடிதத்தை இதோடு முடித்து, உன் பாணியிலேயே, குடும்பக் குழுவில் போடுவதாக இருந்தேன். முப்பது பேரும் படிக்கட்டும் என்று. அதற்குள் நேற்று நிர்மலா போன் செய்தாள்.

அவள் மேல் நீ கோபப்படக் கூடாது. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட காட்டிக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். தினமும் ஆறரை மணிக்கு உன் கார் அபார்ட்மெண்டுக்குள் வருகிறதாம். நீ மேலே வருவது ஏழேகாலுக்காம். ஒரு நாள் சாவி வாங்கக் கீழே வந்தவள் பார்த்திருக்கிறாள். பார்க்கிங்கில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நீ விளையாடிக்கொண்டிருந்தாயாம். அவள் கூப்பிடாமல் மேலே போய்விட்டாள். அது நடந்து பத்து மாதம். இதுவரை உன்னிடம் கேட்கவில்லை.

"சிரிச்சிட்டிருந்தாரு அத்தை" என்றாள். "வீட்டுல அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

போனை வைத்தேன். என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. முப்பத்தெட்டு வயது ஆண், சொந்தமாக வீடு வாங்கியவன், நாற்பது பேருக்கு மேலதிகாரி, முக்கால் மணி நேரம் விளையாடுவதற்கு மூடிய காருக்குள் ஒளிந்துகொள்கிறான். உன் காது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மண்டபத்தில் நீ என் ஹெட்செட்டைப் பிடுங்கியபோது எனக்குப் புரியவில்லை. நீ பயந்து பயந்து செய்வதை நான் எல்லார் கண்ணுக்கும் முன்னால், ஜன்னலோரம், வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்தேன். உன்னால் அதைத் தாங்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை நான் குழுவில் போட மாட்டேன். ஒருவரை எல்லார் முன்னாலும் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், அது போதும். தபாலில் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். உன் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த முறை அவன் வாயைத் திறந்தால் அவன் எத்தனை வருடம் என் இடுப்பில் இருந்தான் என்பதை நானே எல்லாருக்கும் சொல்வேன். போதகருக்கும் சொல்லிவிட்டேன், ஜெபப் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லி.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இன்னும் சில நாள் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும் கேள். நாளைக்கு ஆறரை மணிக்கு காரை நிறுத்தியதும் இறங்கு. மேலே போ. சட்டையை மாற்றிக்கொண்டு, ஹாலில் நடு சோபாவில் உட்கார்ந்து, லைட்டைப் போட்டுக்கொண்டு விளையாடு. நிர்மலா என்ன பண்றீங்க என்று கேட்டால் விளையாடுகிறேன் என்று சொல். அவளுக்கு இடம் விட்டு உட்கார். சிரிப்பு வந்தால் அடக்காதே, பத்து மாதமாக அவள் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா